கம்பெனி கலர்

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். முப்பதாம் நாள் நினைவுக் கூட்டத்துக்கு ஒரு சிறு மலர் போடலாம், முனிரத்தினத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தபாலில் அனுப்புங்கள் என்று கோவிந்தன் நம் ரயில் பெட்டிக்காரர்கள் எல்லோரையும் கேட்டுக்கொண்டான். அதிலிருந்து மூன்று முறை எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் அவர் நல்லவராக இருந்தார்; நானும் நல்லவனாக இருந்தேன். இரண்டாவது பொய். இது நான்காவது.

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. ரயில் பங்காருபேட்டையை விட்டு நகர்ந்ததும் பெட்டியில் எல்லோருடைய போனும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தது. "நம்ம கதவு முனிரத்தினம் அண்ணன் காலைல ஆஸ்பத்திரியில தவறிட்டாரு." மூச்சுத் தொந்தரவு என்று பத்து நாளாகப் படுத்திருந்தாராம். எனக்கு அதுவும் தெரியாது. பிறகு கோவிந்தன், யாரையும் குறிப்பிட்டுச் சொல்லாமல், "அந்த ஜன்னல் சீட்டு அவருதுதான, பாவம்" என்றான். அந்த சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் ஏன் எழுந்தாய் என்று யாராவது கேட்பார்கள். பெங்களூரு வரை அப்படியே உட்கார்ந்து போனேன்.

இப்போது நம் பெட்டியில் வரும் பிள்ளைகள் பலருக்கு அவரைத் தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன். கேஜிஎப்பில் தங்கம் எடுத்த மைன்ஸ் மூடும்வரை அவர் சாம்பியன் ரீஃப் சுரங்க சாஃப்ட்டில் கீழே வேலை பார்த்தவர். மூடிய பிறகு பெங்களூரில் மர பீரோ, மேஜை, சமையலறை அலமாரி செய்து விற்கும் ஒரு நிறுவனத்தில் சர்வீஸ் ஆளாகச் சேர்ந்தார். வீடு வீடாகப் போய், உடைந்த கதவு, உப்பிப்போன இழுப்பறை, ஒடிந்த மேஜைக்கால் என்று மாற்றிக் கொடுப்பதுதான் வேலை. மாற்றுவது சுலபம். திருகாணி நாலைக் கழற்றி நாலை மாட்டினால் முடிந்தது. சிக்கல் நிறத்தில்தான். அதே பெயர், அதே எண், அதே தொழிற்சாலை. ஆனால் மூன்று வருஷம் ஜன்னல் வெளிச்சத்தில் நின்ற பீரோவும் நேற்று டப்பாவைப் பிரித்து எடுத்த கதவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஒட்டாது. வீட்டுக்காரர்கள் கத்துவார்கள். "பீரோவுக்கு எல்லா ஸ்பேரும் கெடைக்கும் சார், வெயில் பட்ட நாளுக்குத்தான் ஸ்பேர் கெடைக்காது" என்பார் முனிரத்தினம்.

ஒருநாள் சாயங்கால ரயிலில் அவர் நடித்துக் காட்டியது உங்களில் பழையவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு வீட்டில் சமையலறை அலமாரியில் ஓரத்துக் கதவு ஒன்றை மாற்றியிருக்கிறார். வீட்டுக்கார அம்மா ஸ்டூல் போட்டு ஏறிவிட்டாள்.

"ஏறி நின்னுகினு, 'கலர் மேட்ச் ஆகில்லா, கலர் மேட்ச் ஆகில்லா'ன்னு ஒரே கூச்சல்பா. அக்கம்பக்கம் எல்லாம் வந்துடுச்சு. நான் இன்னா பண்ணேன்? அந்தக் கடைசில இருந்த நல்ல கதவையும் கயட்டிட்டு அங்கயும் புதுசு ஒண்ணு மாட்டினேன். இப்ப ரெண்டு ஓரமும் வெளுப்பு, நடுவுல கருப்பு. அம்மா எறங்கி வந்து தூரமா நின்னு பாத்துச்சு. 'அய்யோ, டிசைன் சென்னாகிதே!'ன்னுச்சு. நல்லாகீதாம்."

"நல்ல கதவ இன்னா பண்ண?" என்று கோவிந்தன் கேட்டான்.

"அத இன்னொரு பழைய அலமாரிக்கு வெச்சிகினேன். அதுங்கூட எவன் வூட்லயோ வெயில்ல நின்னதுதான, சேந்துக்கும். இவ்ளோதான் தொழிலு. ஒண்ணு மாறினா தப்பு. ரெண்டு மாறினா டிசைன்."

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். அதுவரை எனக்கு அவர்மேல் எதுவும் இல்லை.

இன்னொரு முறை யாரோ, "நாங்க பாத்தா ரெண்டும் ஒரே காவியாத் தெரியுது. உனுக்கு மட்டும் எப்டிணா தெரியுது?" என்று கேட்டார்கள். "எட்டு மணி நேரம் மைன்ல கீழ இருந்துட்டு கேஜ்ல மேல வந்து பாருங்க. கதவு தொறந்ததும் எதிர்ல ஒரு வேப்ப மரம் நிக்கும். அதுல எத்தினி பச்சை கீதுன்னு அப்பத்தான் தெரியும். நான் அங்கயே நின்னுடுவேன். பின்னால வர்றவன் திட்டுவான்" என்றார். இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

என் விஷயத்துக்கு வருகிறேன். நான் இரண்டு எம்.ஏ. படித்தவன். பெங்களூரில் ஒரு அலுவலகத்தில், மற்றவர்கள் கையெழுத்துப் போடப்போகும் கடிதங்களை எழுதிக் கொடுப்பது என் வேலை. கல்லூரியில் விரிவுரையாளராக வேண்டியவன். எனக்கு வர வேண்டிய இடத்தில் வேறொருவன் உட்கார்ந்தான். நந்திதுர்க்கில், மைன்ஸ் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டியதில் நாங்கள் பிறந்து வளர்ந்த லைன் வீட்டை என் அண்ணன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. அலுவலகத்தில் எனக்குப் பின்னால் வந்தவன் எனக்கு மேலே போனான். இவற்றை நான் மறப்பதில்லை. மறக்காமல் இருப்பதை ஒரு ஒழுக்கம்போலக் காத்துவந்தேன்.

அந்தப் பின்னால் வந்தவன் மேலே போன அன்றைக்குப் பெட்டியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டீர்கள். சொன்னேன். முனிரத்தினம் தன் டிபன் டப்பாவிலிருந்து ஒரு போண்டாவை எடுத்து என் கையில் வைத்து, "வுடுங்க சார். உங்க படிப்புக்குத் தேவையான ஸ்பேரு அந்த ஆபீசுல ஸ்டாக் இல்ல போலகீது" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். அவர் எனக்குப் பரிந்துதான் சொன்னார். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் சிரித்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். கோவிந்தா, உன் முகமும் அதில் உண்டு. போண்டாவைத் தின்றுவிட்டேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து என் மகளுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெங்களூர்க்காரர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். என் வீட்டுக் கூடத்தில் மூன்று கதவு பீரோ ஒன்று நிற்கிறது. பெங்களூரில் வாங்கியது, வெளிர் தேக்கு நிறம். அந்த மழைக்காலத்தில் சுவர் ஒழுகி, வாசலைப் பார்த்த ஓரக் கதவு உப்பி வெடித்திருந்தது. முனிரத்தினத்தைக் கூப்பிட்டேன். வந்தார். கட்டைவிரலால் கதவைத் தடவிப் பார்த்தார்.

"கதவு கீது சார். குடோன்ல ஒண்ணு வேணாம்னு ஒதுக்கி வெச்சிருக்காங்க, மேனேஜரக் கேட்டு வாங்கியாந்துடுவேன். ஆனா இந்தக் கலரு நிறுத்திட்டாங்க. கிட்டத்துல ஒண்ணு குடுக்கலாம். பக்கத்துல வெச்சா காட்டிக் குடுத்துடும்."

"கிட்டத்துல எல்லாம் வேணாம் முனிரத்தினம். கம்பெனி கலர்லயே இருக்கணும்."

கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "கம்பெனி கலரா சார்?"

"ஆமா."

"நெஜமாத்தான் சொல்றீங்களா?"

"எத்தன தடவ சொல்றது? கம்பெனி கலர்தான் வேணும். வேற எதுவும் வேணாம்."

"ஆவட்டும் சார்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "நீங்க இதக் கேப்பீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல."

இந்த இடத்திலேயே உங்களுக்கு விளங்கியிருக்கும். நம் ஊரில் கம்பெனி என்றால் ஒன்றுதான். கம்பெனி சங்கு, கம்பெனி ஆஸ்பத்திரி, கம்பெனி தண்ணி. மைன்ஸ் மூடி இத்தனை வருஷமாகியும் நம் வீட்டுப் பெரியவர்கள் கம்பெனி என்றால் அதைத்தான் சொல்கிறார்கள். கம்பெனி கலர் என்றால் லைன் வீட்டுக் கதவுகளுக்கு அடித்த அந்தக் கரும்சிவப்புக் காவி. பீரோ செய்தவன் அந்த நிறத்தையே நிறுத்திவிட்டான் என்று அப்போதுதான் சொன்ன ஒருவரிடம் 'கம்பெனி கலர்' கேட்டால், கேஜிஎப்பில் பிறந்தவர் வேறு எதைப் புரிந்துகொள்வார்? என் வாயில் அந்தச் சொல் எப்போதோ பெங்களூர்ச் சொல்லாகிவிட்டிருந்தது. அதை அவர் எனக்காக நம் ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். இவ்வளவு சின்ன விஷயம் எனக்குப் புரிய ஆறு வருஷமும் ஒரு சாவும் வேண்டியிருந்தது.

கதவைப் போர்வையில் சுற்றி ரயிலிலேயே கொண்டுவந்தார். சனிக்கிழமை நான் அலுவலகத்தில் இருந்தபோது வந்து மாட்டிவிட்டுப் போனார். என் மனைவி வாணியம்பாடிக்காரி. அந்த நிறம் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க கேட்ட கலராமே" என்றாள். சாயங்காலம் வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்தேன். இரண்டு கதவு வெளிர் தேக்கு. மூன்றாவது கரும்சிவப்பு, எண்ணெய்ப் பூச்சு, கண்ணாடிபோலப் பளபளப்பு. புதிய கதவை எப்போதும் இருட்டு மூலைக்குத் தள்ளுகிறவர், இந்தக் கதவை வாசல் வெளிச்சம் நேராக விழும் ஓரத்தில் நிறுத்தியிருந்தார். இடம் மாற்றி மாட்டுவது அவருக்குப் பத்து நிமிஷ வேலை. செய்யவில்லை. அந்தக் கதவை அவர் காட்ட நினைத்தார்.

மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். கேசரி சாப்பிட்டுக்கொண்டே மாப்பிள்ளையின் அம்மா, "இது மட்டும் ஏன் இப்படி? பழைய கதவு எங்கேயாவது கிடைச்சுதா?" என்று கேட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பா, "கோல்ட் எடுத்த ஊரு, கதவுக்கும் துரு பிடிச்சிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். சம்பந்தம் முடிந்தது, கல்யாணமும் நன்றாக நடந்தது. அந்தக் கதவால் அவள் வாழ்க்கையில் ஒரு குறையும் வரவில்லை. நான் மட்டும் அன்று கேசரித் தட்டை அப்படியே வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். ஆனால் பார்த்ததை யாரும் அப்புறம் பேசவில்லை. நான் எழுதுகிறேன். அவர் தன் பக்கத்தில் கைக்குட்டை போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். நான் ஏறியதும் ஆசையாகக் கேட்டார்.

"இன்னா சார், புள்ள வூட்டுக்காரங்க கதவப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. பாத்துட்டு சிரிச்சாங்க. கண்ணு தெரியுதா உனக்கு?"

அதுவரை நான் அவரை 'நீங்க' என்றுதான் பேசிவந்தேன்.

"இன்னா சார் ஆச்சு?"

"இன்னா ஆச்சா? மூணு கதவுல ஒண்ணு மட்டும் லைன் வூட்டுக் கதவு மாதிரி கீதுடா! நடுக்கூடத்துல! மானம் போச்சு!"

வாலிப வயதிலேயே என் பேச்சிலிருந்து துரத்திவிட்ட 'கீது' அன்றைக்குத் தானாக வந்தது.

"அதான சார்..." என்று ஆரம்பித்தார். "நீங்கதான கம்பெனி—"

"கம்பெனி கலர்னா பீரோ செஞ்ச கம்பெனி குடுத்த கலர்! இதுகூடத் தெரியாம பெங்களூர் போயி சர்வீஸ் பண்றியா?"

அவர் வாய் சற்றுத் திறந்தபடி நின்றது. அப்புறம் மூடிக்கொண்டது. இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அந்த ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெட்டி முழுவதும் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும். 'சாருக்கு கம்பெனின்னா இன்னான்னே மறந்துபோச்சுபா' என்று ஒரு வார்த்தை. நகைச்சுவைக்குக் குறைந்தவரா அவர்? சொல்லவில்லை.

"தப்பு என்னுதுதான் சார். இன்னொரு ஓரத்துக் கதவையும் அதே கலரு அடிச்சுட்றேன். ரெண்டு மாறிட்டா—"

"வாய மூடு" என்றேன்.

கோவிந்தன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். மற்றவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பினீர்கள். உங்களில் பாதிப்பேர் இன்றைக்கும் லைன் வீட்டிலிருந்துதான் வருகிறீர்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் நிறுத்தியிருப்பேனா என்று தெரியாது.

மறுநாளும் எனக்காகக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால், கணக்கு நேராகியிருக்கும். நான் வேறு பெட்டியில் போய் ஏறிக்கொண்டேன். மூன்றாம் நாள் அலுவலகத்தில் மதிய இடைவேளையில் ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன்.

அவருடைய நிறுவனத்துக்கு. ஆங்கிலத்தில். நான்கு வாக்கியங்கள். உங்கள் சர்வீஸ் ஆள் ஒருவர் கம்பெனிப் பொருளை வெளியே எடுத்துக்கொண்டுபோய்த் தனிவேலை செய்கிறார். கேஜிஎப்பில் ஒரு வீட்டில் அப்படி ஒரு பீரோக் கதவு மாட்டப்பட்டிருக்கிறது. மேலாளரைக் கேட்டு வாங்கிய கழிவுக் கதவு அது என்று எனக்குத் தெரியும். அவரே சொன்னதுதானே. தெரிந்தே எழுதினேன். கீழே பெயர் போடவில்லை. சாயங்காலம் பங்காருபேட்டையில் ரயில் நிற்கும் நேரத்தில் இறங்கி, நிலையத்துச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடிவந்து ஏறினேன். இருபது வருஷமாக அலுவலகத்துக்கு எழுதிய கடிதங்களில் ஒன்றுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் நடவடிக்கை வந்ததில்லை. வாய்வார்த்தையாகக் கதவைக் கொடுத்த மேலாளர் அதற்குள் வேலை மாறிப் போயிருந்தார். ஒரு மாதத்துக்குள் முனிரத்தினம் காலை ரயிலில் வருவது நின்றது.

"அண்ணனுக்கு பெங்களூரு அலுத்துப்போச்சாம், ஊர்லயே வேல பாக்குறாராம்" என்று கோவிந்தன் சொன்னான். அவர் அப்படித்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நான் பழைய பெட்டிக்குத் திரும்பினேன். ஜன்னல் சீட்டு காலியாக இருந்தது. முதல் வாரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் அதில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் அவரோடு பேசினேன். பங்காருபேட்டை நடைமேடையில். பேத்தமங்களாவில் யாரோ ஒரு விவசாயி வீட்டுக் கட்டிலுக்கு வண்ணம் அடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். கையில் தகர டப்பா, அதில் பிரஷ், சட்டையில் நீலத் தெறிப்பு. மெலிந்திருந்தார். படியேறி வந்த மூச்சு அடங்க நேரம் பிடித்தது.

"பாப்பா நல்லாருக்குதா சார்?"

"ம். பேத்தி பொறந்திருக்கா."

"அப்பா! சந்தோசம். யார் ஜாட?"

"அவங்க அம்மா."

"அப்ப தப்பிச்சுது" என்று சிரித்தார். பிறகு, "இன்னொரு கதவு அப்டியே நிக்குது சார். அது ஞாபகம் வந்துகினே கீது. ஒரு வார்த்த சொல்லுங்க, வந்து அடிச்சுட்றேன். அரை நாள் வேல" என்றார்.

ரயில் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தேன். ரயில் வரவில்லை. நடைமேடையின் அந்தக் கோடியில் போய் இருபது நிமிஷம் நின்றேன். அவர் இந்தக் கோடியில் நின்றார். ஆள் தெரியும் தூரம்தான்.

அவர் இறந்த மூன்றாம் நாள் சாம்பியன் ரீஃபில் அவர் வீட்டுக்குப் போனேன். நீங்கள் எல்லோரும் முதல்நாளே போய்விட்டு வந்துவிட்டீர்கள். நான் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். புத்தர் படமும் அம்பேத்கர் படமும் இருந்த அலமாரியில் அவர் படத்தையும் வைத்து மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். அவர் மனைவி சகுந்தலா என்னை உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து ஒரு பெரிய அட்டையை எடுத்து வந்தார். தேதித்தாள் கிழித்த நாள்காட்டியின் பின் அட்டை. அதில் வரிசையாக வண்ணச் சில்லுகள், விரல்நகம் அளவுக்கு, பசை போட்டு ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் பென்சில் எழுத்து.

"போன எடத்துலல்லாம் ஒரு சொரண்டு சொரண்டி எடுத்தாந்து ஒட்டி வெச்சுக்குவாரு. இதுல உங்க வூட்டு கலரு கூட கீது சார். பாருங்க."

பார்த்தேன். கரும்சிவப்பு. கீழே, 'சார் அன்னன் வூடு, நந்திதுர்க். கீலு பின்னாடி. கம்பனி கலரு.'

'அன்னன்' என்பதில் பிழை இருப்பதைத்தான் என் கண் முதலில் பார்த்தது. எழுதவே கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நடந்தது.

"எங்க அண்ணன் வீட்டுக்குப் போனாரா?" என்று கேட்டேன்.

"ஆமா சார். வெளிக்கதவுல உங்க அண்ணன் வேற பெயிண்டு அடிச்சிட்டாராம். கீல கயட்டி அதும் பின்னால பாத்தா பழைய கலரு அப்டியே கீதாம். 'வெயில் படாத எடம், இதான் நெஜம்'னு சொரண்டியாந்தாரு. மூணு கடை ஏறி எறங்கி, கலக்கறதும் காயவெக்கறதும், ஒரு வாரம். நான் திட்டினேன். 'சும்மா இருடி, சாரு அவங்க அப்பாவ நெனச்சிகினு கேக்கறாரு. எவ்ளோ படிச்சாலும் மறக்கல பாரு. கரெக்டா வரணும்'னாரு."

என் அப்பா கம்பெனியில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. அந்தக் கதவைத் திறந்துகொண்டுதான் ஷிப்டுக்குப் போவார். ஒரு காலை போனவர், ஆபீஸ் நாற்காலியிலேயே மாரடைப்பில் போய், மதியம் அதே கதவு வழியாகத்தான் வந்தார். முனிரத்தினம் மாட்டிவிட்டுப் போன கதவில் நிறம் தப்பவில்லை. அவர் தொழிலில் அவ்வளவு துல்லியமாக ஒட்டிய நிறம் வேறு இருந்திருக்காது. அது ஒட்டியது என் பீரோவோடு இல்லை, அவ்வளவுதான். என் அண்ணனோடு நான் பேசிக்கொண்டிருந்திருந்தால் அடுத்த வாரமே எனக்குத் தெரிந்திருக்கும்.

டீ வந்தது. சகுந்தலா படத்தின் கீழே கிடந்த வெள்ளைத் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"பெங்களூரு வேல போனதுதான் அவர ஒடச்சிடுச்சு சார். யாரோ லெட்டர் போட்டுட்டாங்க. கூப்ட்டு படிச்சுக் காட்டினாங்களாம். வூட்டுக்கு வந்து சிரிக்கிறாரு. 'எழுதினவரு பெரிய படிப்பு படிச்சவரு சகுந்தலா. அவ்ளோ சுத்தமான இங்கிலீசு, ஒரு தப்பு இல்லன்னு ஆபீசரே சொல்றான். கையெழுத்து மட்டும் போட மறந்துட்டாரு'ன்னு."

"யாருன்னு சொன்னாரா?"

"கேட்டேன். 'உனுக்கு எதுக்கு, அவருக்கு இன்னா கஷ்டமோ'ன்னுட்டாரு."

துணியை நாலாக மடித்து முடிக்கும்வரை அவர் என்னைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. "டீ ஆறிப்போவுது சார், குடிங்க" என்றார். குடித்தேன். கிளம்பும்போது அட்டையிலிருந்து அந்தச் சில்லை நகத்தால் நெம்பி எடுத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "உங்க வூட்டுதுதான சார்."

முனிரத்தினத்திடமிருந்து என்னிடம் இருப்பது அந்தச் சில்லு. மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்திருக்கிறேன். பிறகு அந்தக் கதவு. ஆறு வருஷமாக அதன்மேல் ஒரு திரைச்சீலை தொங்கவிட்டிருந்தேன். எடுத்துவிட்டேன். வாசல் வெளிச்சம் பட்டு இப்போது கொஞ்சம் வெளுத்திருக்கிறது. மற்ற இரண்டும் வெளுத்திருக்கின்றன. இன்னும் ஒட்டவில்லை. நந்திதுர்க்கில் அண்ணன் வீட்டுக் கதவின் கீலுக்குப் பின்னால் ஒரு சுரண்டல் தழும்பு இருக்கும். அதைப் பார்க்கப் போக வேண்டும். இரண்டு ஞாயிறு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஒருமுறை தெருமுனை வரையும் போய், திரும்பிவிட்டேன்.

இதன் கீழே பெயர் போட வேண்டும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறேன். போடாமல் இருக்க நல்ல காரணங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. போட்டால் என்னைத் துணிச்சல்காரன் என்று சொல்லிவிடுவீர்கள், முனிரத்தினத்தின் மலரில் எனக்குப் புகழ் எதற்கு என்று ஒன்று. மகளின் புகுந்த வீட்டார் காதுக்குப் போகும் என்று இன்னொன்று. காரணம் எழுதுவதுதானே என் தொழில். உண்மை, பயம். இந்தப் பெட்டியில்தான் நான் நாளைக்கும் ஏற வேண்டும். முதல் பக்கம் முடிவதற்குள் யார் எழுதியது என்று நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அப்படியும் கை போக மறுக்கிறது.

போடப்போவதில்லை. நாளை சாயங்காலம் பங்காருபேட்டையில் இறங்கி, அதே சிவப்புப் பெட்டியில் இதையும் போட்டுவிட்டு வந்து ஏறிக்கொள்வேன். ஜன்னல் சீட்டில் உட்கார மாட்டேன். கோவிந்தன் பிரித்துப் படிக்கும்போது அவர் இருந்திருந்தால் எட்டிப் பார்த்து, "பாரேன், இந்தத் தடவயும் கையெழுத்து போட மறந்துட்டாரு" என்று சிரித்திருப்பார்.

மறக்கவில்லை, முனிரத்தினம். அன்றைக்கும் மறக்கவில்லை.